மூழ்க வேண்டிய சொட்டு

கெட்டி வேறு, கனம் வேறு. பதினோரு வருடமாக இதை என் கணவருக்குப் புரிய வைக்கப் பார்க்கிறேன், நடக்கிற கதையாகத் தெரியவில்லை. சமையல் எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாக இருக்கிறதாம், ஆகையால் கனமாகத்தான் இருக்க வேண்டுமாம். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று ஊர் முழுக்கப் பலகை மாட்டுகிறவர். அவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. ஒருநாள் பொறுமை போய், சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துக் காட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீர், பாட்டிலின் எடையைக் கழித்தால், ஒரு கிலோ. ஒரு லிட்டர் எண்ணெய் தொள்ளாயிரத்துப் பதினைந்து கிராம். அவர் தராசை இரண்டு தட்டு தட்டினார். “தராசு பழசு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எந்தத் திரவத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் எடைதான் மனதில் வரும். பால் தண்ணீரைவிட லிட்டருக்கு முப்பது கிராம் கூடுதல். தேன் ஒரு கிலோ நானூறு. மண்ணெண்ணெய் எண்ணூறு. ரத்தம் ஆயிரத்து ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். அந்தப் பத்து கிராமுக்குள்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன்.

ரத்ததான முகாமுக்கு வருகிறவர்களை முதலில் பார்க்கிறவள் நான். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, நீல நிறத்தில் இருக்கும் மயில்துத்தக் கரைசலில் விடுவேன். லிட்டருக்கு ஆயிரத்து ஐம்பத்து மூன்று கிராம் இருக்கும்படி கலக்கப்பட்ட கரைசல் அது. ரத்தம் அதைவிடக் கனமாக இருந்தால் சொட்டு பதினைந்து விநாடிக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். லேசாக இருந்தால் பாதி தூரம் இறங்கி, மனசு மாறினதுபோல மேலே வந்துவிடும். மேலே வந்தால் உடம்பில் இரும்புச்சத்து போதவில்லை என்று அர்த்தம். நன்றி சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, அனுப்பிவிடுவோம். மருத்துவமனையில் இதற்கு மெஷின் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது என்பதால் முகாமுக்கு இந்த பாட்டில்தான்.

இந்த பாட்டில் என் வீட்டுக்குள் வந்தது என் வாயால்.

என் கணவருக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போனபோது அவளுக்குப் பதினாறு வயது, அப்பா அம்மா இல்லை. ஒல்லியாக இருப்பாள், ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் காத்தாடி. இப்போது இருபத்தேழு வயதிலும் அந்தப் பெயர்தான் நிற்கிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலை. பத்தொன்பது வயதில் ஒருமுறை மாடிப்படியில் மயங்கி விழுந்து, புருவத்தில் இரண்டு தையல் போட வேண்டி வந்தது. ரத்தம் குறைவு என்று அப்போது ஒரு டாக்டர் சொன்னார். காத்தாடி அந்தப் படியிலிருந்து அன்றைக்கே எழுந்துவிட்டாள். அவள் அண்ணன் இன்னும் எழவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. விடுதியில் தங்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் விடுவதாக இல்லை. அங்கே மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவர் ஆரம்பிக்க, அஞ்சு வருஷமா விழலையே என்று இவள் கேட்க, சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே கச்சேரி. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அலுத்துப் போய்த் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

“எதுக்கு இந்தப் பஞ்சாயத்து? அவ சொட்டு என்னைக்கு அடியில போய் உட்காருதோ அன்னைக்கு அனுப்புங்க. அவ்வளவுதான்.”

பேச்சை முடிக்கச் சொன்ன வார்த்தை அது. அவர் அதைச் சட்டமாக்கிக்கொண்டார். அவளும் ஒத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தொழிலுக்கு வீட்டில் ஒரு மரியாதை கிடைத்ததே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்கு அவளும் வருவாள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கிற மேஜை அவளுடையது. எல்லாம் முடிந்து நான் சாமான்களைக் கட்டும்போது வந்து விரலை நீட்டுவாள். கிண்ணத்தில் மிச்சமிருக்கிற கரைசலில் அவள் சொட்டை விடுவேன். அது பாதி தூரம் போகும், தயங்கும், மேலே வரும். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடு” என்பேன். அவள் பஞ்சால் விரலை அழுத்திக்கொண்டே போய்க் காலி டம்ளர்களை அடுக்குவாள். அச்சக வேலை போயிற்று. அடுத்த வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை ஒன்று வந்து அதுவும் போயிற்று.

இந்த வருடம் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்கிற வேலை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். வியாழக்கிழமை சேர வேண்டும், புதன் காலையில் பஸ். அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“அண்ணி பாத்து சொல்லட்டும்” என்றார்.

காத்தாடி எழுந்து வந்தாள். கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு முகாம் ஒரு தபால் பிரிப்பகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். கரைசலை நான் வெள்ளிக்கிழமையே கலந்து, ஹைட்ரோமீட்டர் என்கிற கண்ணாடி மிதவையை உள்ளே விட்டு, சரியாக ஆயிரத்து ஐம்பத்து மூன்று காட்டுகிறதா என்று பார்த்துத்தான் வைத்திருந்தேன். பாட்டில் மூடியில் விரிசல். புது மூடி கேட்டு ஆறு மாதமாக எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே எனக்கென்று ஒரு முறை உண்டு. கரைசல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பேன். இரண்டு நாள் கழித்து மட்டம் இறங்கியிருந்தால், ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், மயில்துத்தம் எங்கேயும் போகாது. ஆகவே கோடு வரைக்கும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் பழைய கனம் திரும்பிவிடும். கணக்கு சரி. பல வருடமாகச் சரியாகவே வந்த கணக்கு. எங்கள் ரத்த வங்கியில் இதைக் கண்டுபிடித்தவள் நான் என்று வெளியே சொன்னதில்லையே தவிர, உள்ளுக்குள் நினைப்பு உண்டு.

ஞாயிறு காலை அலமாரியைத் திறந்தால் மட்டம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. இவ்வளவு இறங்கியதில்லை. வெயில் காலம், மூடி வேறு விரிசல். வாசலில் வேன் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். கோடு வரைக்கும் நீரை ஊற்றினேன், குலுக்கினேன், பெட்டியில் வைத்தேன். மிதவையை விட்டுப் பார்த்திருக்கலாம். கோடுதான் சொல்லிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

முகாமில் அன்றைக்கு நல்ல கூட்டம். தபால் பிரிக்கிறவர்களுக்கு வரிசையில் நிற்கத் தெரிந்திருந்தது. கிண்ணத்தில் முப்பது மில்லி ஊற்றி ஆரம்பித்தேன். ஒரு கிண்ணம் இருபத்தைந்து பேருக்குத் தாங்கும், பிறகு கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். சொட்டுகள் ஒவ்வொன்றாக அடியில் போய் உட்கார்ந்தன. ஒரு பெரியவர், தன் ரத்தம் ரொம்பக் கெட்டி என்றும் டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றும் பெருமையாகச் சொன்னார். கெட்டி வேறு கனம் வேறு என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

கிண்ணத்தை மாற்றி, புதுக் கரைசல் ஊற்றி நிமிர்ந்தால் எதிரில் காத்தாடி நிற்கிறாள். கையில் பூர்த்தி செய்த படிவம்.

“நீ ஏன் இங்க நிக்கிற? ஜூஸை யாரு பாக்குறது?”

“டிரைவர் பாத்துக்கறேன்னு சொன்னாரு. நானும் குடுக்கலாம்னு வந்தேன்.”

“முடிஞ்சப்புறம் பாக்கலாம்ல?”

“வரிசையில நின்னுட்டேன் அண்ணி. பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். படிவத்தை வாங்கினேன். என் கையெழுத்தைப் போன்றே கையெழுத்து அவளுக்கு, பள்ளிக்கூட நோட்டுகளில் என்னைப் பார்த்து எழுதிப் பழகியது. வயது, எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாம் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தாள். விரலைக் குத்தி, சொட்டை விட்டேன். அது நேராக இறங்கி அடியில் உட்கார்ந்தது. நாலு விநாடிகூட ஆகவில்லை.

அவள் குனிந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துள்ளவில்லை, சிரிக்கவில்லை.

“மூழ்கிடுச்சுல்ல அண்ணி?”

“மூழ்கிடுச்சு.”

“திரும்பி வராதுல்ல?”

“வராது. போய் படு.”

கட்டிலில் படுத்து முந்நூற்று ஐம்பது மில்லி கொடுத்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சில் ஏதோ ஒன்று கிள்ளியது. வீட்டில் ஒரு ஆள் குறையப் போகிறது என்பதாலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரின் விரலைப் பிடித்தேன்.

ஒரு மணிக்கு முகாம் முடிந்தது. காத்தாடி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். நான் ரத்தப் பைகளோடு வேனில் ரத்த வங்கிக்குத் திரும்பி, குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். வந்தவர்கள் நாற்பத்து மூன்று. கொடுத்தவர்கள் நாற்பத்து மூன்று. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். நான்கு. அதற்கு முந்தையது ஆறு. அதற்கு முன்னால் மூன்று, ஐந்து, ஏழு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் சைபர் விழுந்ததே கிடையாது. தபால் பிரிக்கிறவர்கள் அத்தனை பேரும் இரும்பைத் தின்றா வளர்ந்தார்கள்?

எழுந்து போய், பாட்டிலில் மிச்சமிருந்ததை உயரக் குழாயில் ஊற்றி மிதவையை விட்டேன். அது வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி, ஆடி நின்றது. ஆயிரத்து நாற்பத்து ஆறு. துடைத்து மறுபடி விட்டேன். அதே நாற்பத்து ஆறு. அந்தக் கரைசலில் பாதிச் சோகை பிடித்தவரின் ரத்தம்கூட மூழ்கும்.

இன்னொரு டெக்னீஷியன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை இந்த பாட்டில்ல இருந்து எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா. அவசர ஆபரேஷன் ஒண்ணு வந்துச்சுல்ல, சொந்தக்காரங்க பெரிய கூட்டமா வந்துட்டாங்க. மெஷின் வேற மக்கர், ராத்திரிதான் சரி பண்ணாங்க. மூணு கிண்ணம் எடுத்தேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

“எழுதி வச்சிருக்கணுமோ?”

எழுதி வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கரைசல் எடுத்து உபயோகிக்கத்தான் இருக்கிறது. குறைந்திருந்தால் ஆவியாகித்தான் குறைந்திருக்கும் என்று முடிவு கட்டியவள் நான். அவர் எடுத்ததில் மயில்துத்தமும் சேர்ந்தே போயிருந்தது. நான் திருப்பி ஊற்றியது வெறும் தண்ணீர். இதைக் கோடு போடத் தெரியாதவள் செய்திருக்கமாட்டாள்.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ரத்த வங்கியின் பொறுப்பாளர் அவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எத்தனை பேர்?”

“நாப்பத்து மூணு.”

“ஒவ்வொரு பைக்கும் மாதிரிக் குழாய் இருக்கில்ல? எல்லாத்தையும் மெஷின்ல போடுங்க. பன்னெண்டரைக்குக் கீழ யார் யார் இருக்காங்கன்னு எனக்கு இன்னைக்கே வேணும். அவங்களை நானே கூப்பிட்டுப் பேசறேன். அப்புறம் நடந்ததை எழுதிக் குடுங்க.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதுக் கரைசல் கலந்தேன். இந்த முறை மிதவையை மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு மாதிரிக் குழாயாக வைத்தேன். மெஷின் காட்டுவது ரத்தத்தின் சிவப்புச் சத்து, ஹீமோகுளோபின். பன்னிரண்டரை இருந்தால்தான் ரத்தம் கொடுக்கலாம். சரியான கரைசலில் சொட்டு மூழ்கவும் அதுதான் எல்லை. பதினான்கு. பதின்மூன்று புள்ளி இரண்டு. பதினொன்று புள்ளி நான்கு. பதினைந்து. கெட்டி ரத்தப் பெரியவருக்குப் பத்து புள்ளி ஒன்பது.

காத்தாடியின் குழாயை எடுத்து ஓரமாக வைத்தேன். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஏன் அப்படி வைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பன்னிரண்டரைக்குக் கீழே இருந்தால் அவள் புதன்கிழமை போக முடியாது. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும், மூழ்கியது பொய், இறக்கி வை பெட்டியை என்று. அவள் முகத்தை நினைத்தால் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. எண் குறைவாக வந்தால், மூன்று வருடமாக நான் சொன்னது சரி என்றாகும். அச்சக வேலையும் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையும் போனது நியாயம் என்றாகும். குறைவாக வரட்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பத்தொன்பது வயதில் விழுந்த பெண், இன்னும் விழக்கூடியவளாகவே இருக்கட்டும் என்று.

குழாயை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

இன்னொரு முறை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

அவள் தகுதியானவள்தான். எந்த ஒழுங்கான கரைசலிலும் அவள் சொட்டு மூழ்கியிருக்கும். அப்படியானால் முன்பெல்லாம் ஏன் மிதந்தது? மாத்திரை சாப்பிட்டு இப்போதுதான் ஏறியிருக்கும் என்று உடனே ஒரு சமாதானம் வந்து நின்றது. நல்ல சமாதானம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மெஷினில் கைவைப்பதற்கு முன்பே, எதற்கென்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல், புதுக் கரைசலில் முப்பது மில்லியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தேன். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அதிலிருந்து சரியாகப் பத்து மில்லியை உறிஞ்சி எடுத்து, துல்லியத் தராசில் நிறுத்தேன். பத்து புள்ளி ஐந்து மூன்று கிராம் இருக்க வேண்டும். பத்து புள்ளி ஐந்து ஒன்பது இருந்தது.

வீட்டுத் தராசைப்போல இது பழசு இல்லை.

முகாம் முடிகிற நேரத்தில் என் கிண்ணத்தில் இருந்தது இதுதான். மணிக்கணக்காக விசிறிக் காற்றில் காய்ந்து, கனம் ஏறிப் போன மிச்சம். கொட்டப் போகிற கரைசல். அதில் அவள் சொட்டு மட்டுமா, நல்ல ஆரோக்கியமான ஆளின் சொட்டும் பாதி வழியில் திரும்பித்தான் வரும். வரிசையில் நின்ற யாரோ முன்பின் தெரியாதவர்களுக்கு எண்ணி எண்ணிக் கிண்ணம் மாற்றினேன். வீட்டுப் பெண்ணுக்கு மிச்சம் போதும் என்று விட்டேன். அப்படி நினைத்துச் செய்யவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பன்னிரண்டரைக்குக் கீழே ஆறு பேர். பட்டியலையும் என் விளக்கத்தையும் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போகும்போது ஆறு மணி இருக்கும், நல்ல வெளிச்சம்.

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கியிருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பிளாஸ்திரி.

“அண்ணன் எங்க?”

“பூட்டு வாங்கப் போயிருக்காரு. இந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லையாம். ஒரு மணி நேரமா பூட்டைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு.”

“சம்மதிச்சிட்டாரா?”

“மூழ்கிடுச்சுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சுவத்தைப் பாத்தாரு. அப்புறம் ஏணி எடுத்துட்டு வந்தாரு.”

எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மணிக்கணக்காக மெஷின் முன்னால் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போயிருந்தது.

“இன்னைக்குக் கரைசல் தப்பு” என்றேன். “தண்ணி அதிகமாயிடுச்சு. என் தப்புதான். அதுல யாரு சொட்டு விட்டாலும் மூழ்கியிருக்கும்.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. கையில் இருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“அப்போ நான் போகக்கூடாதா?”

“போலாம். உன் ரத்தத்தை மெஷின்ல போட்டுப் பாத்தேன். பன்னெண்டு புள்ளி ஒன்பது. நல்லாவே இருக்கு. நீ போலாம்.”

அவள் மூச்சு விட்டாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், நானும் டீ போட எழுந்திருப்பேன். புதன்கிழமை பஸ் கிளம்பிப் போயிருக்கும்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. முன்னாடியெல்லாம் உனக்குப் பாத்தேன்ல, முகாம் முடிஞ்சப்புறம். அது கடைசிக் கிண்ணம். காத்துல காஞ்சு கனமாயிருக்கும். இன்னைக்கு நிறுத்துப் பாத்தேன். அதுல உன் சொட்டு மிதந்ததுக்கு அர்த்தமே இல்ல. அப்பவே நீ சரியாகூட இருந்திருக்கலாம். அச்சகத்துக்குப் போயிருக்கலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

“தெரியும் அண்ணி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்க இருபத்தஞ்சு பேருக்கு ஒரு தடவை மாத்துவீங்க. என் மேஜையில இருந்து பாத்தா நல்லா தெரியும். எனக்கு மட்டும் மாத்தினதில்ல.” மடியிலிருந்த துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். “அதனாலதான் இன்னைக்கு எண்ணிக்கிட்டே இருந்தேன். இருபத்தஞ்சு பேரு போனப்புறம் வந்து நின்னேன். இருபத்தாறாவதா வரணும்னு ஒருத்தரை எனக்கு முன்னாடிகூட விட்டேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்து போய்விடலாம்போல வெட்கமாக இருந்தது.

“எப்போலருந்து தெரியும்?”

“ரெண்டாவது வேலை போனதுல இருந்து.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடி. அண்ணி, எனக்கும் புதுசா ஊத்துங்கன்னு. நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

“ஊத்தியிருப்பீங்க” என்றாள். துணியைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளங்கையால் நீவி விட்டாள். “ஊத்திட்டு, என்மேலயே சந்தேகமான்னு கேட்டிருப்பீங்க. கேட்டப்புறம் நான் இந்த வீட்டுலதானே இருக்கணும்.”

இல்லை, அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டிருப்பேன்.